உயிர்வேலி அமைத்தலும் பேணலும்

தோட்டத்தின் எல்லையில் செடிகளை நெருக்கமாக நட்டு, அவற்றையே வேலியாக வளர்த்தெடுப்பது உயிர்வேலி. கம்பி வேலி நட்ட அன்றே முழுப் பயனையும் தந்துவிடும், உயிர்வேலி அப்படியல்ல. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அது காவல் தருவதற்குப் பதிலாக, தனக்கே காவல் வேண்டி நிற்கும். அந்தக் காலத்தைப் பொறுமையாகக் கடந்தவர்களுக்குத்தான் பல பத்தாண்டுகள் நிற்கக்கூடிய வேலி கிடைக்கிறது.

உயிர்வேலி வைத்தவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வார்கள்: மேலே நன்றாகத் தழைத்திருக்கிறது, ஆனால் அடியில் ஆடு நுழையும் அளவுக்குச் சந்து விட்டுக் கிடக்கிறது. இது செடியின் குற்றமன்று. இளஞ்செடி மளமளவென்று உயர்ந்தபோது அதை வெட்ட மனம் வராமல் வளரவிட்டதன் விளைவு இது. வேலியின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் முதல் இரண்டு அடி உயரம். அந்த இரண்டு அடியும் உருவாவது முதல் இரண்டு ஆண்டுகளில். இந்தக் கட்டுரையில் செடித் தேர்வு, நடவு, கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குதல்) என்று எதைப் பற்றிச் சொன்னாலும், அடிப்பகுதியை அடைப்பதே அதன் நோக்கம்.

வேலி எதற்காக?

செடியை வாங்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். ஆடு மாடுகளைத் தடுக்க வேண்டுமானால் முள்ளும் நெருக்கமும் தேவை. நான்கைந்து அடி உயரமே போதும். வழிப்போக்கரின் பார்வையை மறைக்க வேண்டுமானால் முள் தேவையில்லை, ஆண்டு முழுவதும் இலை உதிராத செடியும் ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் வேண்டும். தழையுரத்துக்கும் தீவனத்துக்கும் என்றால், அடிக்கடி வெட்டினாலும் சளைக்காமல் துளிர்க்கும் மரவகைகள் வேண்டும்.

காற்றைத் தடுக்கும் வேலிக்கு மட்டும் ஒரு தனி விதி உண்டு. காற்றை முற்றிலும் அடைக்கும் சுவரைத் தாண்டிக் குதிக்கும் காற்று மறுபக்கத்தில் சுழன்று பயிரைச் சாய்க்கும். பாதியளவு காற்றைத் தன்னூடே வடித்து விடும் வேலியோ அதன் வேகத்தைத் தணித்து அனுப்புகிறது. அத்தகைய வேலியின் பாதுகாப்பு, தோராயமாக அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தொலைவு வரை கிடைக்கும். ஆறடி வேலி ஏறத்தாழ அறுபது அடி வரை துணை நிற்கும். ஆகவே காற்றுத் தடுப்புக்காக நடுபவர்கள் இடைவெளியைச் சற்றுத் தாராளமாகவே விடலாம்.

செடித் தேர்வு

நல்ல வேலிச்செடி அடியிலிருந்தே கிளைக்க வேண்டும், திரும்பத் திரும்ப வெட்டுவதைத் தாங்க வேண்டும், கால்நடைகள் விரும்பி மேயாததாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மண்ணிலும் அந்த மழையிலும் தனியே நீர் பாய்ச்சாமல் பிழைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்துக் காட்டிலும் தரிசிலும் தானாக முளைத்துச் செழித்திருக்கும் புதர்களைப் பார்த்துவிட்டு வருவது, நாற்றுப் பண்ணையின் விலைப்பட்டியலைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

வறண்ட, வெப்பமான நிலங்களில் முள்வேலிக்குக் கிளுவையை மிஞ்சுவது அரிது. குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடித்துக்கொள்ளும். கோடையில் இலையை முழுதும் உதிர்த்துவிட்டாலும் அதன் முட்கிளைகள் அடைப்பாகவே நிற்கும். களாச்செடி மெதுவாக வளரும். ஆனால் வளர்ந்துவிட்டால் அதன் உறுதியான முட்களைத் தாண்டி எதுவும் உள்ளே வராது, கூடவே காயும் கிடைக்கும். அதன் விதைகள் முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும் என்பதால் பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும். கொடுக்காப்புளி விரைவாக வளரும், வெட்ட வெட்ட அடரும். ஆனால் அதன் இளந்தழையை ஆடுகள் விரும்பித் தின்னும் என்பதால் தொடக்கத்தில் கூடுதல் காவல் வேண்டும். கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் அது மரமாகிவிடும்.

முள் வேண்டாம் என்பவர்களுக்கு ஆடாதோடையும் நொச்சியும் நல்ல துணை. இரண்டும் குச்சியிலிருந்தே வளரும். ஆடு தொடாத செடி என்பதால் ஆடாதோடை முதல் நாளிலிருந்தே பாதுகாப்பானது. மருதாணி நெருக்கமாக நட்டுச் சீராகக் கத்தரிக்க ஏற்றது. தழையுரம் வேண்டுவோர் கிளைரிசிடியாவையும் கல்யாண முருங்கையையும் நாடலாம். இரண்டும் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் நிலைநிறுத்தும் பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குளிர் மிகுந்த நாடுகளில் இதே பணியை ஹாதார்ன், ஹார்ன்பீம், பீச் போன்ற மரங்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவருகின்றன.

கள்ளி வகைகள் நீரே இல்லாத இடத்திலும் வேலியாகும் என்பது உண்மை. ஆனால் திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் கடும் புண்ணையும், சில வேளை தற்காலிகப் பார்வையிழப்பையும்கூட உண்டாக்கும். குழந்தைகள் விளையாடும் தோட்டத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரளி, தங்க அரளி, காட்டாமணக்கு ஆகியவற்றின் நச்சுத்தன்மையையும் மறந்துவிடலாகாது. ஆடு மாடு தொடாது என்பதற்காக அவற்றை நடுவோர், அந்த விதைகளும் இலைகளும் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தன் சொந்த நிலத்தைத் தாண்டி வெளியே பரவும் தாவரங்களை வேலிக்கு எடுக்கவே கூடாது. சீமைக்கருவேலமும் உன்னிச்செடியும் பல நாடுகளில் வேலிக்காகவும் அழகுக்காகவும் கொண்டுவரப்பட்டு, பின்னர் மேய்ச்சல் நிலங்களையும் காடுகளையும் கைப்பற்றியவை. உன்னியின் இலை கால்நடைகளுக்கு நஞ்சும்கூட. சுபாபுல் மரம் தீவனம் தரும் என்றாலும், விதை முற்றும் முன் வெட்டாவிட்டால் சுற்றுப்புறமெங்கும் முளைத்துவிடும்.

வேலி முழுவதும் ஒரே செடியாக இருந்தால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் நோய் வந்தால் முழு வேலியும் ஒருசேரப் போகும். கல்யாண முருங்கையின் தளிரிலும் இலைக்காம்பிலும் கழலைகளை உண்டாக்கும் சிறு குளவி ஒன்று 2004இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அது ஆசியாவின் பல பகுதிகளுக்குப் பரவி, அம்மரங்கள் நிறைந்த வரிசைகளை அடியோடு நலியச் செய்தது. மூன்று நான்கு வகைகளைக் கலந்து நட்டவர்களுக்கு இழப்பு குறைவு. கலப்புக்கு ஓர் எளிய முறை உண்டு: வேலியின் பாதிக்கு மேல் ஒரே முதன்மைச் செடியாக இருக்கட்டும், மீதியை இரண்டு மூன்று வகைகளுக்குப் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் நான்கைந்து செடிகள் கொண்ட குழுக்களாக நட வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக நட்டால் வேகமாக வளரும் செடி மெதுவாக வளர்வதை நிழலில் அமுக்கிவிடும்.

வேலிச்செடி உள்ளே இருக்கும் பயிரின் நோய்க்குப் புகலிடமாகக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். கோதுமையைத் தாக்கும் தண்டுத் துரு நோய்ப் பூஞ்சை, பார்பெரி என்ற முட்செடியின் மீதும் தன் வாழ்வின் ஒரு பகுதியைக் கழிக்கிறது. வேலிச்செடியாகப் போற்றி வளர்க்கப்பட்ட பார்பெரியைப் பிடுங்கி ஒழிக்க அமெரிக்காவில் 1918இல் ஒரு பெரும் இயக்கமே தொடங்க வேண்டியதாயிற்று. தோட்ட அளவில் சொல்வதானால், செம்பருத்தி வேலியில் குடியேறும் மாவுப்பூச்சி பப்பாளிக்கும் எளிதில் தாவும். அந்த இரண்டையும் அருகருகே வைக்காமலிருப்பது நல்லது.

மண்ணுக்கேற்ற செடி என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சி, உப்புக் கடத்தலைத் தடுக்க இந்தியாவின் குறுக்கே நீண்ட சுங்க வேலி ஒன்றை அமைத்திருந்தது. 1867 முதல் சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், வெட்டிப் போட்ட காய்ந்த முட்களைக் கொண்டு அமைத்த வேலியைப் பேணுவதில் செலவும் உழைப்பும் தீராமல் போவதைக் கண்டு, அதை உயிர்வேலியாக மாற்ற முனைந்தார். ஒரே செடியை எங்கும் திணிக்காமல், இலந்தை, கருவேலம், களா, கள்ளி என்று அந்தந்த மண்ணுக்கு ஏற்றவை தேர்ந்தெடுக்கப்பட்டன. மக்களை வருத்திய ஒரு வரிக்காக எழுந்த அந்த வேலி 1879இல் கைவிடப்பட்டது நல்லதே. ஆனால் செடித் தேர்வில் அது காட்டிய முறை இன்றைய தோட்டக்காரருக்கும் பொருந்தும்.

கோடு போடுதலும் குழி எடுத்தலும்

எல்லைக்கல்லின் மீதே நடக்கூடாது. வளர்ந்த வேலி இருபுறமும் இரண்டிரண்டு அடியாவது விரியும். எனவே எல்லையிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளிக் கோடு போட்டால், பிற்காலத்தில் வெளிப்பக்கத்தைக் கத்தரிக்கவும் நம் நிலத்திலேயே நின்றுகொள்ளலாம். அண்டை நிலத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், உயரம் பற்றி உள்ளூர் விதி ஏதும் இருந்தால் விசாரித்துக்கொள்வதும் பின்னாளில் வரும் சச்சரவைத் தவிர்க்கும். மேலே மின்கம்பியும் கீழே குடிநீர்க் குழாயும் செல்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாதை திரும்பும் முனையில் வண்டி ஓட்டுபவரின் பார்வையை மறைக்காத உயரமே போதும்.

தனித்தனிக் குழிகளைவிட, கோட்டின் நீளத்துக்கும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமாக ஒரே வாய்க்காலாக வெட்டுவது சிறந்தது. வேர்கள் பக்கவாட்டில் தடையின்றி ஓடும். பெய்யும் மழைநீரும் வீணாகாமல் அதிலேயே இறங்கும். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, மக்கிய தொழுவுரத்தோடு கலந்து திரும்ப நிரப்ப வேண்டும். நீர் தேங்கும் களிமண் நிலமாக இருந்தால் வாய்க்காலைத் தவிர்த்து, ஓரடி உயரத்துக்கு வரப்பு எழுப்பி அதன் மேல் நடுவதே செடிக்கு நல்லது.

நடவு

மழைக்காலத் தொடக்கமே நடவுக்கு உரிய நேரம். குளிர்நாடுகளில் செடி இலையுதிர்த்து உறங்கும் பருவத்தில் நடுவார்கள். ஒரே வரிசையாக நடுவதைவிட, ஓரடி இடைவெளியில் இரண்டு வரிசைகளாக, ஒரு வரிசைச் செடி மறு வரிசையின் இடைவெளிக்கு நேரே வரும்படி மாற்றி மாற்றி நட்டால் அடைப்பு உறுதியாகும். வரிசைக்குள்ளும் செடிக்குச் செடி ஓரடி என்றால், 100 அடி நீள வேலிக்கு ஏறத்தாழ 200 செடிகள் தேவை. இருபது செடிகளைக் கூடுதலாகப் பைகளில் வளர்த்து வைத்துக்கொண்டால், பட்டுப்போன இடங்களில் அதே வயதுச் செடியை நட முடியும். ஓராண்டு கழித்து வைக்கும் சிறு நாற்று, சுற்றிலும் வளர்ந்துவிட்ட செடிகளின் நிழலில் பெரும்பாலும் தேறுவதில்லை.

போத்து எனப்படும் குச்சிகளை நடும்போது, பச்சையான இளங்கொம்பை எடுக்காமல், பட்டை முற்றிப் பழுப்பேறிய, பெருவிரல் பருமனுக்குக் குறையாத கிளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளுவை போன்று இலையுதிர்ப்பவற்றில், புதுத் தளிர் விடும் முன் வெட்டிய குச்சிகள் நன்றாக வேர்பிடிக்கும். அடிமுனையைச் சாய்வாக வெட்ட வேண்டும். மரத்தில் எது மேல் எது கீழ் என்பதை மாற்றி நட்டுவிடாதிருக்க இது அடையாளமாகவும் இருக்கும். கள்ளி வகைகளின் வெட்டுவாயை நிழலில் சில நாள் உலரவிட்டு, பால் வடிவது நின்று தோல் பிடித்த பின் நட்டால் அழுகாது. குச்சியை மண்ணில் அடித்து இறக்கினால் பட்டை கிழியும். கடப்பாரையால் துளையிட்டு, ஓரடி ஆழத்துக்குச் செருகி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்க வேண்டும்.

ஐந்தடி உயரப் போத்துகளை நட்டு உடனடி வேலி பெறலாம் என்று சிலர் எண்ணுவர். செங்குத்தாக நிற்கும் போத்து பெரும்பாலும் தன் உச்சியில்தான் துளிர்க்கும். அடியில் வெறும் கம்பங்களே நிற்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. போத்துகளுக்கு இடையே ஆடாதோடை போன்ற தாழ்ந்த புதர்களை நடலாம். அல்லது போத்துகளை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சாய்த்து, பின்னல் தட்டிபோலக் குறுக்கே செல்லும்படி நட்டு, வெட்டிக்கொள்ளும் இடங்களில் கயிற்றால் கட்டலாம். சாய்ந்த கிளையில் நுனியின் ஆதிக்கம் குறைவதால் நீளம் முழுவதும் மொட்டுகள் விழிக்கும். கட்டுவதற்குத் தேங்காய் நார்க் கயிறே ஏற்றது. கம்பியால் கட்டினால் தண்டு பருக்கும்போது பட்டையில் புதைந்து மேல்பகுதியைக் கொன்றுவிடும்.

முதல் இரண்டு ஆண்டுகள்

நட்ட அன்றே வெளிப்புறத்தில் ஒரு தற்காலிகக் காவல் வேண்டும். வெட்டிய முட்கிளைகளை அடுக்கினாலும் சரி, மலிவான வலையைக் கட்டினாலும் சரி, கால்நடையின் வாய் செடிக்கு எட்டக்கூடாது. இந்தக் காவலுக்கு ஆகும் செலவைக் கணக்கில் சேர்க்காமல் வேலிச்செடிக்கு மட்டும் செலவிடுவது வீண்.

நீரை அடிக்கடி சிறிதளவு தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக நனைய விடுவதே வேரைக் கீழ்நோக்கி இழுக்கும். இருபுறமும் இரண்டடி அகலத்துக்குக் களையெடுத்து, சருகு அல்லது வைக்கோல் கொண்டு மூடாக்கு இட வேண்டும். மூடாக்குத் தண்டைத் தொடாமல் சற்று விலகியிருக்கட்டும். இளஞ்செடிக்குப் புல்லைவிடப் பெரிய பகை வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்; நீருக்கான போட்டியில் புல்லே எப்போதும் வெல்லும்.

இனி, மனம் ஒப்பாமலேனும் செய்தாக வேண்டிய வேலைக்கு வருவோம். நாற்று வேர்பிடித்துப் புதுத் தளிர் விட்டதும், தரையிலிருந்து முக்கால் அடி முதல் ஓரடி உயரத்தில் தலையை வெட்டிவிட வேண்டும். நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழிறங்கிப் பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது; நுனி போனதும் அந்தத் தடை நீங்கி, அடியிலுள்ள மொட்டுகள் கிளைகளாகப் புறப்படுகின்றன. அந்தக் கிளைகள் முக்கால் அடி நீண்டதும் அவற்றையும் பாதியாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கிளைகளின் எண்ணிக்கை கூடுகிறது. உயரமோ ஒவ்வொரு முறையும் அரையடிக்குமேல் கூட விடக்கூடாது. முதலாண்டின் முடிவில் முழங்கால் உயரத்தில், கை நுழையாத அடர்த்தியுள்ள வரிசை இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதே காலத்தில் வெட்டாமல் விட்ட செடி இடுப்புயரம் நிற்கும், ஆனால் அதன் அடி வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைப் பிற்காலத்தில் மேலே எவ்வளவு கத்தரித்தாலும் நிரப்ப முடியாது.

கடும் வறட்சியில் செடி வாடியிருக்கும்போது மட்டும் வெட்டுவதைத் தள்ளிப்போட வேண்டும். இருக்கும் இலையையும் இழந்தால் மீள அதனிடம் வலு இராது.

வளர்ந்த வேலியைக் கத்தரித்தல்

விரும்பிய உயரம் வந்த பின், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கத்தரித்தால் போதும். வடிவம் முக்கியம்: அடி அகன்று, மேலே செல்லச் செல்லக் குறுக வேண்டும். மேற்பகுதி அகன்றுவிட்டால் அதன் நிழலில் கீழ் இலைகள் உதிர்ந்து, பாடுபட்டு அடைத்த அடி மீண்டும் திறந்துகொள்ளும். மெல்லிய கிளைகளுக்குத் தோட்டக் கத்தரி, தடித்தவற்றுக்குக் கூரிய அரிவாள் என்று கருவியைப் பிரித்து வைத்துக்கொண்டு, வெட்டுவாய் பிளவுபடாமல் வெட்ட வேண்டும். முன்னதாக ஒருமுறை வேலி நெடுகிலும் நடந்து பார்த்து, பறவைகள் கூடு கட்டி முட்டையிட்டிருக்கும் இடங்களை அப்படியே விட்டு வைக்க வேண்டும். குஞ்சுகள் பறந்த பின் அந்தப் பகுதியைக் கத்தரிப்பதால் வேலிக்கு ஒரு குறையும் வராது.

இடையில் விழுந்த சந்தை அடைக்க, பக்கத்துச் செடியின் நீண்ட கிளையை வளைத்து, அடிப்பட்டையைச் சிறிது சீவி, மண்ணில் பதியம் போடுவது நல்ல வழி. தாய்ச்செடியின் உணவு கிடைப்பதால் அது நாற்றைவிட உறுதியாகத் தேறும்.

வேலியிலிருந்து பெறுவன

கத்தரித்து விழும் கிளைரிசிடியா, கல்யாண முருங்கைத் தழைகளை அப்படியே பயிரடியில் பரப்பலாம். இவற்றின் மென்மையான இலைகள் விரைவில் மக்கிவிடும். கிளைரிசிடியாத் தழையை ஆடு மாடுகளுக்கு அரைநாள் வாடவிட்டு, வேறு தீவனத்தோடு கலந்து கொடுப்பது வழக்கம்; குதிரைகளுக்கு அது ஆகாது. கோவை, பிரண்டை, தூதுவளை, சங்குப்பூ போன்றவற்றை வேலியில் ஏற்றிவிடலாம். ஆனால் வேலி மூன்று ஆண்டுகளைக் கடந்த பின்பே அதைச் செய்ய வேண்டும். கொடியின் இலைப்போர்வை இளம் வேலியின் வெளிச்சத்தைப் பறித்துவிடும்.

வேலியோரம் பயிர் மெலிவதற்குப் பெரும்பாலும் வேர்களின் போட்டியே காரணம். உட்புறத்தில் நான்கடி அகலத்தை நடைபாதையாக விடுவது எளிய தீர்வு. அவ்வளவு இடம் இல்லாதவர்கள், வேலியிலிருந்து மூன்றடி தள்ளி, இரண்டடி ஆழத்துக்கு ஒடுங்கிய பள்ளம் எடுத்து, உள்ளே வரும் வேர்களை ஆண்டுக்கொருமுறை வெட்டிவிடலாம். ஒரே ஆண்டில் இருபுற வேரையும் வெட்டக்கூடாது.

பழைய வேலியைப் புதுப்பித்தல்

அடி வெறித்து மரமாகிவிட்ட பழைய வேலியைப் பிடுங்கி எறியத் தேவையில்லை. வெட்டைத் தாங்கும் வகைகளாக இருந்தால், மழைக்கு முன் தரையிலிருந்து அரையடி விட்டு முழுவதையும் வெட்டிவிட்டால் அடிக்கட்டைகளிலிருந்து புதுத் தளிர்கள் கூட்டமாகக் கிளம்பும். ஒரே நேரத்தில் எல்லை முழுவதும் திறந்துவிடாமலிருக்க, இரு வரிசை வேலியில் உள் வரிசையை ஓராண்டும் வெளி வரிசையை மறு ஆண்டும் வெட்டலாம். ஐரோப்பாவின் பழைய முறை இன்னொன்று: தண்டை அடியில் பெரும்பகுதி வெட்டி, பட்டையோடு ஒட்டிய ஒரு மெல்லிய பகுதியை மட்டும் அறாமல் விட்டு, தண்டைச் சாய்த்து, ஊன்றிய முளைகளுக்கிடையே பின்னிவிடுவார்கள். சாய்ந்த தண்டும் உயிரோடிருக்கும், வெட்டிய அடியும் துளிர்க்கும். ஹாதார்ன் போல வளைந்து கொடுக்கும் மரங்களுக்கே இது பொருந்தும். நொறுங்கும் இயல்புள்ள கிளுவை, கிளைரிசிடியா ஆகியவற்றுக்கு அடியோடு வெட்டுவதே சரி. எந்த முறையில் புதுப்பித்தாலும், முதல் பருவத்தில் வெளியே முள்ளடைப்பும், தளிர் முக்கால் அடி ஆனதும் அதைப் பாதியாக வெட்டுவதும் கட்டாயம்.